சுரங்க விடுதியைக் கேளுங்கள்

எய்ட்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் ஆப்பிரிக்கா என்றதும் 'அவங்க பழக்கம் அப்படி' என்று முடித்துவிடுகிறார்கள். சேரியில் காய்ச்சல் வந்தாலும் இதே பேச்சுதான். கேட்டுப் பழகிய காது எனக்கு.

செனகலும் ஆப்பிரிக்காதான். அங்கே வயதுவந்தோரில் ஹெச்.ஐ.வி. தொற்று நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு. எப்படி வந்தது இந்த வித்தியாசம்?

செனகலில் ஆண்களுக்கு விருத்தசேதனம் பொதுவழக்கம். அது தொற்றைக் குறைக்கும். 1969 முதலே பாலியல் தொழிலாளர்களுக்குப் பதிவும் மருத்துவப் பரிசோதனையும் இருந்தன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க முதலாளிகளோ கறுப்பின ஆண்களை மட்டும் கொண்டுவந்து விடுதிகளில் அடைத்தார்கள். பொண்டாட்டி பிள்ளை கூடவர வழியில்லை. 1986-ல் பாஸ் சட்டங்கள் ஒழிந்தன. விடுதிகள் அப்புறமும் நின்றன. அரசு மருத்துவமனைகளில் மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதே 2004-ல்தான்.

இவ்வளவையும் விட்டுவிட்டுத் தொழிலாளியின் ஒழுக்கத்தை அளக்கிற எழுத்து முதலாளிக்குச் சாட்சி சொல்கிறது. குடும்பத்தைப் பிரித்தவன் எவன்? அதை எழுதுங்கய்யா முதல்ல.