சேர்த்து வைத்தது வீரமா, பிறப்பா?

பொதிகை மலையிலே பிறந்து, பாறைகளிலே புரண்டு, பாபநாசத்திலே சமவெளியைத் தொடுகிறது பொருநை ஆறு. அங்கே முழுகினால் பாவம் தொலையும் என்று ஊரின் பெயரே விளம்பரம் செய்கிறது. ஆடி அமாவாசையன்று அந்தப் பக்கம் திரளும் மக்கள் வெள்ளத்தைக் காணும்போதெல்லாம் நாம் நினைப்பதுண்டு: பாவம் தொலைக்கத் துறை கண்ட நாட்டில், சாதி தொலைக்க ஒரு துறை கண்டார்களா?

கண்டான் ஒருவன் என்று சொல்கிறது ஒரு கதைப்பாடல். பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுக் காட்டிலே, சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் அவன் தெய்வமாக நிற்கிறான். அவனுக்குக் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு! பெரிய கோயில்களில் வாயிலோடு நின்றுவிடும் செருப்பு, இங்கே சன்னிதியிலே தொங்குகிறது. அந்தச் செருப்பின் வரலாறுதான் முத்துப்பட்டன் கதை. நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த அதனை, 1971ஆம் ஆண்டில் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

பிரிந்த காதலர், பெரும் இடர், மீண்டும் சந்திப்பு. இந்த மூன்றும் அமைந்த கதையென்றால் நம் மக்களுக்குக் கரும்பு. கூடாது என்று நாம் சொல்லவில்லை; காதலும் வீரமும் தமிழன் இரு கண்ணாகப் போற்றியவை. ஆனால் இத்தகைய கதை எதுவாயினும் அதனிடம் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். காதலரைப் பிரித்தது யார்? அவர்களைச் சேர்த்து வைத்தது எது? இந்த இரண்டுக்கும் கிடைக்கும் விடையிலேதான் கதையின் தரம் இருக்கிறது.

முத்துப்பட்டனிடம் கேட்போம். அவன் பார்ப்பனக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அண்ணன்மாரோடு பிணங்கி மலைக்கு அப்பால் கொட்டாரக்கரை அரசனிடம் பணிக்குப் போனவன். திருமணம் செய்து வைக்கிறோம் என்று அவர்கள் அழைக்க, ஊர் திரும்பும் வழியில் காட்டிலே இரு பெண்களின் பாட்டைக் கேட்கிறான், மயங்குகிறான். பொம்மக்கா, திம்மக்கா என்ற அந்தப் பெண்களின் தந்தை வாலப்பகடை, செருப்புத் தைக்கும் அருந்ததியர் குலத்தவன். பெண் கேட்கிறான் பட்டன்.

வாலப்பகடை அந்த மேற்குலத்தான் காலில் விழுந்து பெண்ணைக் கொடுத்துவிடவில்லை. நிபந்தனை விதிக்கிறான்! பூணூலை அறு; குடுமியை அறு; எங்களைப்போல் செருப்புத் தைத்து எடுத்து வா; பிறகு பேசலாம் என்கிறான். சாதி ஒழிப்புக்கு எத்தனையோ திட்டங்களைப் படித்திருக்கிறோம். மேலே இருப்பவன் இறங்கி வரட்டும், வந்து உழைக்கட்டும் என்று கீழே தள்ளப்பட்டவன் கட்டளையிடும் இந்தத் திட்டத்துக்கு ஈடான ஒன்றை நம் பழைய இலக்கியத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

செய்தியைச் சொல்ல அண்ணன்மாரிடம் போகிறான் பட்டன். அவர்கள் அவனைக் கல்லறை ஒன்றில் அடைத்து மூடுகிறார்கள். பிரித்தது யார் என்ற கேள்விக்கு இதோ விடை. கொள்ளைக்காரன் அல்லன், மாற்றரசன் அல்லன், மந்திரவாதியும் அல்லன். கூடப் பிறந்தவர்கள்! குல மானம் என்ற பேய் பிடித்தபோது, திருமணம் செய்து வைக்க அழைத்து வந்த கைகளே கல்லை உருட்டி வைக்கின்றன.

அந்தச் சிறையை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறான். பூணூல் போகிறது, குடுமி போகிறது, ஏடு பிடித்த கை ஊசியும் தோலும் பிடிக்கிறது. தைத்த செருப்போடு வந்து நிற்கிறான். திருமணம் நடக்கிறது. சேர்த்து வைத்தது எது? அவன் துறந்த துறவும், ஏற்ற உழைப்பும். வேறொன்றும் இல்லை.

மணநாள் இரவிலேயே மாமனின் மாடுகளைக் கொள்ளையர் ஓட்டிச் செல்கிறார்கள். புதுமாப்பிள்ளை ஓடுகிறான், பூச்சி என்ற அவன் நாயும் உடன் ஓடுகிறது. கொள்ளையரை வெல்கிறான். ஆயினும், ஒளிந்திருந்த ஒருவனின் குத்துக்கு இரையாகிறான். நாய் வந்து செய்தி உணர்த்த, பெண்கள் இருவரும் சிங்கம்பட்டி ஆட்சியாளரிடம் அனுமதி பெற்றுத் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையைச் சிலரால் செரிக்க முடியவில்லை. ஆகவே மற்றொரு வடிவம் பிறந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகளாம்! காட்டிலே விடப்பட்டவர்களாம்! வாலப்பகடை எடுத்து வளர்த்தவனாம்! இது பிற்காலத்தில் செருகப்பட்டது என்று எடுத்துக்காட்டினார் வானமாமலை. ஒரே வரியில் எப்பேர்ப்பட்ட திருட்டு! பெண்கள் அக்கிரகாரத்துப் பிள்ளைகள் என்றால், பட்டன் அறுத்த பூணூலுக்கு என்ன பொருள்? அண்ணன்மார் செய்தது கொடுமையன்று, வெறும் தவறான புரிதல் என்றாகிவிடாதா? கல்லறையை உடைத்து வெளிவந்தவனை, கதையை மாற்றியவர்கள் மறுபடியும் கல்லறையில் அடைத்துவிட்டார்கள்.

இந்தத் தந்திரம் நாட்டுப்புறத்தோடு நின்றதா? வெள்ளித்திரைக்கு வருவோம். 1956இல் வெளிவந்து ஊரெங்கும் பேசப்பட்ட படம் ‘மதுரை வீரன்’. செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்த வீரன், பாளையக்காரன் மகள் பொம்மியைக் காதலித்து, காவலை மீறி அவளைக் கைப்பிடிக்கிறான். கொட்டகை அதிரக் கைதட்டினோம். ஆனால் அவன் பிறப்பால் யார்? காட்டில் விடப்பட்ட அரசகுமாரன்! பழங்கதை அப்படித்தான் சொல்கிறது. படமும் அப்படியே எடுத்துக்கொண்டது. 1954இல் வந்த ‘மலைக்கள்ளன்’, நாமக்கல் கவிஞரின் நாவலைத் தழுவியது. கொள்ளையரிடம் சிக்கிய பூங்கோதையை முகமறியாத மலைக்கள்ளன் மீட்கிறான். அவள் மனம் அவனை நாடுகிறது. இறுதியில் திரை விலகினால், அவன் நெடுநாள் காணாமற்போயிருந்த முறைப்பிள்ளை குமாரவீரன்! காட்டிலும் மேட்டிலும் அத்தனை இடர்களைக் கடந்து அவள் போய்ச் சேர்ந்த இடம், தொடக்கத்திலேயே உறவினர் காட்டியிருக்கக்கூடிய இடம்தான்.

இவற்றில் முன்னதற்கு வசனம் தீட்டியவர் கண்ணதாசன். பின்னதற்குக் கலைஞர் மு. கருணாநிதி. இருவரும் அந்நாளில் பகுத்தறிவு முகாமின் எழுத்தாளர்கள். ஏழையின் குரலை அந்தப் படங்களில் ஒலிக்கச் செய்தவர்கள் என்ற பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆயினும் கதையின் முதுகெலும்பு பிறப்புதான் என்பதை மறைக்கவும் மாட்டோம். மாற்றாரின் குறையை மட்டும் அளப்பது திறனாய்வு ஆகாது. இடர்களையெல்லாம் கடந்து வந்தவனுக்குப் பரிசாக உயர்குலப் பிறப்பைக் கொடுக்கும் கதை, வீரத்தைப் பாடுவதுபோலக் குலத்தைப் பாடுகிறது.

அப்படியானால் முத்துப்பட்டன் கதை மாசற்றதா? அன்று. இரண்டு பெண்களை ஒருவனுக்குக் கொடுக்கும்போது அவர்களின் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. காட்டிலே துரத்தி வந்தவனைக் கண்டு அஞ்சி ஓடிய பெண்கள் அவர்கள். அந்த அச்சம் எப்போது அன்பாயிற்று என்று கதை நமக்குக் காட்டவேயில்லை. இறுதியில் அவர்களுக்குக் கிடைத்த ‘மறுசந்திப்பு’ சிதையின் மேல்! கணவன் செத்தால் மனைவி எரிய வேண்டும் என்பதும் மேற்குலம் கற்பித்த ஒழுக்கமே. பூணூலை அறுத்த கதை, அந்தக் கயிற்றை அறுக்கவில்லை. தெய்வமாக்கியவர்கள் அவன் பெயரில் ‘பட்டன்’ என்ற குலப்பட்டத்தையும் ஒட்டவைத்தே வணங்குகிறார்கள். செருப்பைக் காணிக்கை தருகிறவர்களில், செருப்புத் தைப்பவர் வீட்டில் பெண் எடுக்க எத்தனை பேர் முன்வருவர்?

பழங்கதைக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பாரும் உண்டு. பழங்கதையா? சடங்கும் புரோகிதமும் இன்றி மணந்துகொள்ள 1967ஆம் ஆண்டில் அண்ணாவின் ஆட்சி சட்டம் தந்தது. அதன் பிறகும், 2016இல் உடுமலைப்பேட்டையிலே, சாதி கடந்து மணந்த இளைஞன் பட்டப்பகலில் மனைவியின் கண்ணெதிரே வெட்டப்பட்டான். 2025 சூலையில், பாபநாசத்திலிருந்து இதே பொருநை இறங்கிவரும் வழியில், பாளையங்கோட்டையிலே ஓர் இளம் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்த நட்பே காரணம் என்பது குற்றச்சாட்டு. அவருக்கு நீதி கேட்டு நெல்லை எழுந்தது. அண்ணன்மாரின் கல் இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். வில்லடிக்கும் மேடையாயினும், திரையரங்காயினும், பிரிந்தவர் கூடும் காட்சியில் கைதட்டுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்துங்கள். இவர்களைச் சேர்த்தது இவர்களுடைய துணிவா, அல்லது கடைசி நேரத்தில் கண்டெடுத்த பிறப்புச் சான்றா என்று பாருங்கள். துணிவென்றால் தட்டுங்கள்; பிறப்பென்றால் கையை மடக்கிக்கொள்ளுங்கள். கதை எழுதும் தோழர்களுக்கும் ஒன்று: வாலப்பகடையின் மகள் வாலப்பகடையின் மகளாகவே இருக்கட்டும். அவளைத் தீயில் இறக்காதீர்கள், வாழ வையுங்கள். அந்தக் கதை இன்னும் எழுதப்படக் காத்திருக்கிறது.