பால்மரமும் உவமவியலும்

ஆங்கில வகுப்பிற் பயிலும் 'சிமிலி', 'மெட்டஃபர்' ஆகியவற்றை உவமை, உருவகம் எனத் தமிழ்ப்படுத்திக்கொள்ளும் மாணவர், அணியின் பெயரைக் குறித்தவுடன் திறனாய்வு முடிந்ததெனக் கருதுகின்றனர். தண்டியலங்காரம் 35 பொருளணிகளுக்கு இலக்கணம் கூறுகிறது. அதனினும் பழைய தொல்காப்பிய உவமவியலோ வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் எதனால் ஒப்புமை தோன்றிற்று என ஆராயும் நெறியைக் காட்டுகிறது.

இந்நெறிக்குப் பேராக் மண்ணிலேயே சான்றுண்டு. கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் உழைத்த தமிழர் அம்மரத்தைப் 'பால்மரம்' என்றனர். கள்ளிப்பால், ஆலம்பால் என வழங்கிய மொழிக்கு அப்பெயர் இயல்பானதே. அப்பெயர்வழி மரத்தைத் தாயென உவமிப்பதும் எளிது.

அவ்வுவமை உருவால் நிற்கும், இரண்டும் வெண்ணிறம். வினையால் நில்லாது, தாய் அன்பாற் சுரப்பாள், மரமோ உளி பட்டே வடிக்கும். பயனாலும் நில்லாது, மங்கில் நிறைந்த பால் சீவியவன் குழந்தையின் பசியை ஆற்றாது, கூலியாக மாறிய பின்னரே சோறாகும். ஒப்புமை முறியும் இவ்விடத்திலேதான் தொழிலாளியின் துயரம் புலப்படுகிறது. 'உவமையணி' என்று மட்டும் விடையெழுதுவோன் இதனைக் காணான்.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும் குடியிருப்புகளுக்கும் இடந்தந்துவிட்டன. மரஞ்சீவுதலைக் கண்டறியாத ஈப்போ மாணவனுக்கு உளியும் மங்கும் இன்னவை என முதலில் உணர்த்துதல் தமிழாசிரியர் கடன். பொருளை அறிந்தவனுக்கே உவமம் விளங்கும்.