கடைசி ஊரில் தங்கிய படப்பெட்டி

சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவல் 1891-இல் வெளிவந்தது. நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் அதை மௌனப் படமாகத் தயாரித்தார், பி.வி. ராவ் இயக்கினார். 1933-இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் திரைக்கு வந்த சூட்டோடு வழக்கும் வந்தது. நாவலின் உரிமை தங்களுடையது என்று கமலாலயா புக் டிப்போ நீதிமன்றத்துக்குப் போனது. படம் நிறுத்தப்பட்டது, பிரிண்ட் பதிப்பகத்தார் வசம் தங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1974-இல், புனேயின் தேசியத் திரைப்படக் காப்பகம் அதை அவர்களிடமிருந்து பெற்றது. தென்னிந்தியாவில் தயாரான மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது ஏறக்குறைய இது ஒன்றுதான். இதற்கு முன் அதே கேப்பிட்டலில் திரையிடப்பட்ட, அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ நமக்குக் கிடைக்கவில்லை. தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ (1931), மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ (1938) இரண்டுக்கும் ஒரு பிரிண்ட்கூட மிஞ்சவில்லை. ஊர் ஊராக ஓடிய படங்கள் அழிந்தன. ஓடவிடாமல் தடுக்கப்பட்ட படம் பிழைத்தது.

ஒரு படம் பிழைப்பதற்கு யாராவது ஒருவர் அதன் பிரதியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் போதும். அதற்குப் பிரியம் வேண்டியதில்லை. ஒரு வழக்கு, ஒரு பூட்டு, ஓர் அலட்சியம்கூட அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் பிழைத்த படம் மறுபடி திரைக்கு வர வேண்டுமானால், பெட்டிக்குள் இருப்பது என்ன என்று அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் வர வேண்டும். அங்கே ரசனையும் பயிற்சியும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அரிய பழைய படங்களின் பிரதிகளைத் தேடிச் சேர்த்துத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்கிறவர்களைப் பொழுதுபோகாதவர்கள் என்றோ, திருட்டு விசிடிக்காரர்கள் என்றோ சுலபமாக ஒதுக்கிவிடுகிறோம். அவர்களிடம் இருக்கும் திறமை சினிமா ரசனையின் ஆதாரமான திறமை என்பது என் வாதம். ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது மூல ஓவியம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிகிறது. திரைப்படத்தில் அந்த மூலத்தை, அதாவது நெகட்டிவை, பார்வையாளர் ஒருபோதும் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பதெல்லாம் பிரதி. எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்று தெரியாமல் அந்தப் படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அரைகுறையான காரியம்.

பிரதிகள் எங்கே தங்கும் என்பதற்கு ஒரு போக்கு உண்டு. நம் சினிமா வியாபாரத்தில் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்பார்கள். படச்சுருள் ஓடிய காலத்தில் புது பிரிண்ட் முதலில் பெரிய நகரத்தில் ஓடும். கோடு விழுந்து, ஒட்டுப் போட்டு, கடைசியில் டூரிங் டாக்கீஸுக்குப் போகும். அங்கிருந்து பெட்டியைத் திருப்பி அனுப்பும் கூலிக்குக்கூட அது பெறாது. நம் ஊரில் அப்படி ஒதுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைச் சுருள்கள் பலவற்றை வெள்ளிக்காகக் கரைத்தார்கள். சில இடங்களில் யாரோ எடுத்து வைத்தார்கள். உலக வியாபாரத்திலும் இதே கதைதான். கிரஹாம் கட்ஸ் இயக்கி, இளம் ஹிட்ச்காக் உதவி இயக்குநராகவும் எழுத்தாளராகவும் வேலை பார்த்த ‘தி ஒயிட் ஷேடோ’ (1924) என்ற பிரிட்டிஷ் மௌனப் படம் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. அதன் ஆறு ரீல்களில் மூன்று, 2011-இல், நியூசிலாந்துக் காப்பகத்தில் அடையாளம் காணப்பட்டன. படங்கள் கடைசியாகப் போய்ச் சேரும் அந்த நாட்டில், ஓர் ஆபரேட்டர் சேர்த்துவைத்திருந்த சுருள்களோடு அவை காப்பகத்துக்கு வந்திருந்தன. என்ன படம் என்றே தெரியாமல் அலமாரியில் கிடந்தன. லண்டனில் இல்லாதது உலகத்தின் சி சென்டரில் இருந்தது. திருவனந்தபுரம் புத்தகக் கடையில் ‘மார்த்தாண்ட வர்மா’ இருந்ததும் அப்படித்தான்.

பிரதியை வாசிப்பது என்றால் என்ன? சுருளின் ஓரத்தில் ‘நைட்ரேட்’ என்று அச்சாகியிருந்தால் அது தீப்பற்றும் பழைய வகை. 1950களின் தொடக்கத்தோடு அதன் உற்பத்தி நின்றுபோனது. ‘சேஃப்டி’ என்று இருந்து, மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிடேட் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். கோடாக் சுருளின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் இருக்கும். அவை சுருள் தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும் என்பதால், வேறு சான்றோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தியப் படமானால் தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழ் ஒரு பொக்கிஷம்: நீளம், ரீல் எண்ணிக்கை, தேதி எல்லாம் அதில் உண்டு, முக்கோணக் குறி இருந்தால் வெட்டு விழுந்திருக்கிறது. வீடியோ பிரதிக்கும் இதே கவனம் வேண்டும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் வழங்கிய பால் (PAL) என்ற வீடியோ முறையில் நொடிக்கு 25 சட்டங்கள், சினிமாவில் 24. ஆகவே 100 நிமிடப் படம் பால் கேசட்டில் 96 நிமிடத்தில் முடிந்துவிடும்; குரல்களும் சுருதி சற்று ஏறி ஒலிக்கும். விவரம் தெரியாதவர் நான்கு நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்பார். தெரிந்தவர் குரலைக் கேட்டே காரணத்தைச் சொல்வார். தம்புராவின் சுருதி அரைக்கால் இடம் விலகினால் கச்சேரி கேட்டுப் பழகிய காது கண்டுபிடிப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இந்த வாசிப்பைத் திருவனந்தபுரம் இரண்டு பள்ளிகளில் பயின்றது. 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணன், குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலானோர் தொடங்கிய ‘சித்ரலேகா’ திரைப்படச் சங்கம் முதல் பள்ளி. தூதரகங்கள் வழியாகவும் காப்பகம் வழியாகவும் சுற்றுக்கு வரும் பிரிண்ட்டுகளைப் பார்த்து வளர்ந்த சங்கங்களின் காலம் அது. ஓரிரண்டு காட்சிகளோடு பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும் என்பதால், பார்த்ததை மனத்தில் பதித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. அந்தப் பயிற்சியிலிருந்து வந்த அடூரின் ‘எலிப்பத்தாயம்’ படத்துக்குத்தான் 1982-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தன் சதர்லண்ட் விருதைக் கொடுத்தது. இரண்டாவது பள்ளி பீமாப்பள்ளி தர்காவை ஒட்டிய கடைத்தெரு. வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பெயர்போன அந்தத் தெருவில் பிறகு கேசட்டுகளும் வட்டுகளும் வந்தன. 2000களில் புதுப்பட வட்டுகளுக்குப் பக்கத்திலேயே பெர்க்மன், குரோசாவா, கிம் கி-டுக் எல்லாம் சில பத்து ரூபாய்க்குக் கிடைத்தார்கள். டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வந்தவர்கள் ஒரு பொழுதை அந்தத் தெருவுக்கென்று ஒதுக்கினார்கள். அயல்மொழி இயக்குநர்களின் பெயரைச் சொல்லி வட்டு கேட்கும் கூட்டமும், கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்களும் ஒருவரையொருவர் வளர்த்தார்கள். அரங்குக்கு வெளியே நள்ளிரவு வரை நீளும் அந்த விழாவின் விவாதங்களுக்கு இந்தக் கடைத்தெருவும் உரம் போட்டது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இது திருட்டுதானே என்ற கேள்வி நியாயமானது. வெள்ளிக்கிழமை வெளியான படத்தின் வட்டைச் சனிக்கிழமை விற்றவர்களால் மலையாளத்திலும் தமிழிலும் தயாரிப்பாளர்கள் நஷ்டப்பட்டார்கள். அதை நியாயப்படுத்த முடியாது. உரிமையாளர் நல்ல பிரதியை விற்றுக்கொண்டிருக்கும்போது அதற்குக் கள்ளப் பிரதி எடுத்துக் காசு பார்ப்பவரும் சேகரிப்பவர் ஆகமாட்டார். ஆனால் உரிமையாளர் யார் என்றே தெரியாத, யாரும் விற்காத, எங்கும் ஓடாத படத்தின் பிரதியை இருவர் மாற்றிக்கொள்வது வேறு விஷயம். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பிரிட்டனில் இயக்குநர், திரைக்கதை ஆசிரியர், வசனகர்த்தா, படத்துக்கென்றே இசையமைத்தவர் ஆகியோரில் கடைசியாக இறந்தவர் காலத்துக்குப் பிறகு 70 ஆண்டுகள். 1930களின் சிறு படம் ஒன்றுகூட அங்கே இன்னும் உரிமைக்குள் இருக்கலாம். அந்த உரிமையைக் கோர ஆளில்லாமலும் இருக்கலாம். சட்டம் காத்திருக்கலாம், படச்சுருளின் ரசாயனம் காத்திருக்காது. ‘மார்த்தாண்ட வர்மா’ வழக்கில் சட்டம் பிரிண்ட்டைக் காப்பாற்றியது உண்மை. அதே சட்டம் நாற்பது ஆண்டு அதை ஒருவர் கண்ணிலும் படாமல் வைத்ததும் உண்மை. காசு வாங்காமல் பிரதிக்குப் பிரதி மாற்றிக்கொள்வது, உரிமையாளர் முறையான பதிப்பைக் கொண்டுவந்ததும் அதை வாங்கிவிட்டுத் தன் பிரதியைச் சுற்றிலிருந்து எடுத்துவிடுவது: இந்த இரண்டு கட்டுப்பாட்டையும் பேணுகிறவரைத் திருடர் வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

இரண்டாவது ஆட்சேபம் ரசனையின் பக்கத்திலிருந்தே வருகிறது. மங்கிய கேசட்டில் பார்ப்பதைவிடப் பார்க்காமலிருப்பதே மேல், ஒளிப்பதிவாளரின் உழைப்பை அது கொல்கிறது என்கிறார்கள். ‘தி விக்கர் மேன்’ (1973) இதற்கு நல்ல பதில். ராபின் ஹார்டி இயக்கிய இந்த பிரிட்டிஷ் படத்தை வெளியிட்டவர்கள் வெட்டிச் சுருக்கி, இன்னொரு படத்தோடு துணைப்படமாக ஓட்டினார்கள். வெட்டிய பகுதிகளின் நெகட்டிவ் தொலைந்தது. நீளமான ஒரு பிரிண்ட் மட்டும், அமெரிக்காவில் வெளியிடலாமா என்று கருத்துக் கேட்பதற்காக ரோஜர் கார்மனுக்கு அனுப்பப்பட்டிருந்ததால் தப்பியது. அதிலிருந்து வீடியோ நாடாவுக்கு மாற்றிய பிரதியே இன்று நீண்ட வடிவத்துக்கு ஆதாரம். அந்த வடிவத்தைப் பார்க்கும்போது சில இடங்களில் படம் சட்டென்று தரம் இறங்கும்: நிறம் வெளிறும், விளிம்புகள் கலங்கும். அந்த இடங்களில்தான் கதை நேராகிறது. கதையில் ஒரு தீவுக்கு வரும் போலீஸ்காரர், சுருங்கிய வடிவத்தில் அங்குள்ள விடுதியில் ஓர் இரவு தங்குகிறார், நீண்டதில் இரண்டு. முதல் இரவில் தீவின் பிரபு ஓர் இளைஞனை விடுதிப் பெண்ணிடம் அழைத்துவருகிறார்; அதைக் கண்ட பிறகே இரண்டாம் இரவில் போலீஸ்காரருக்கு அந்தப் பெண்ணால் சோதனை வருகிறது. மங்கலான அந்தச் சில நிமிடங்கள் இல்லாவிட்டால் படத்தின் காலமே பிசகிவிடும். 2013-இல் ஹார்வர்டு காப்பகத்தில் கிடைத்த ஒரு 35 மி.மீ. பிரிண்ட்டிலிருந்து இன்னொரு வடிவமும் உருவானது. உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது செல்லரித்த ஏடு என்று எதையும் ஒதுக்கவில்லை. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பி, பாடபேதம் குறித்தார். சினிமாவில் நமக்குத் தேவையான மனநிலை அதுதான். அரவிந்தனின் ‘கும்மாட்டி’யின் மூல நெகட்டிவ் தொலைந்த பிறகு, காப்பகத்திலிருந்த பிரிண்ட்டுகளைக் கொண்டே 2021-இல் அது மீட்டெடுக்கப்பட்டது. பிரதியின் பிரதிதான் மூலத்துக்கு வழிகாட்டியது.

எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே, மிச்சத்தை அரசுக் காப்பகம் பார்த்துக்கொள்ளாதா என்பது மூன்றாவது ஆட்சேபம். ஓடிடி தளம் எதையும் நம்மிடம் கொடுப்பதில்லை, காட்டுகிறது. ஒப்பந்தம் முடிந்தால் எடுத்துவிடுகிறது. பார்ப்பவர் எண்ணிக்கை குறைவான பழைய படத்துக்கு அங்கே இடம் கிடைப்பதும் அரிது. காப்பகத்தின் மேல் எனக்குப் பெரு மதிப்பு உண்டு. ஆனால் அதை உருவாக்கியவரே சேகரிப்பவர்களின் இனம்தான். ‘மார்த்தாண்ட வர்மா’ வெளியான அதே 1933-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த பி.கே. நாயர், சிறுவயதில் டிக்கெட் துண்டுகளைச் சேர்த்தவர். 1965-இல் காப்பகத்தில் சேர்ந்து, 1991-இல் ஓய்வு பெறுவதற்குள் சுமார் 12,000 படங்களைத் திரட்டினார். அவற்றில் ஏறக்குறைய 8,000 இந்தியப் படங்கள். எந்தக் காட்சி எந்த ரீலில் வரும் என்று சொல்லக்கூடிய ஞாபகம் அவருடையது. நல்ல படம், மோசமான படம் என்று தரம் பிரித்துச் சேர்ப்பதை அவர் ஏற்கவில்லை. காலம் எதைக் கேட்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அப்படிச் சேர்த்தவற்றிலும் விலைமதிப்பற்ற நைட்ரேட் சுருள்கள் 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால், அது எவ்வளவு பத்திரமான இடமானாலும், ஒரு தீப்பொறிக்கு ஈடுகொடுக்காது.

ஆகவே காப்பகமும் சேகரிப்பவர்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்ப்பதில் இரு தரப்புக்கும் நஷ்டம். தேசியக் காப்பகத்தின் வட்டார மையம், கேரள சலச்சித்திர அக்காடமி, திரைப்பட விழா, நினைவாற்றல் மிக்க ரசிகர் கூட்டம் எல்லாம் திருவனந்தபுரத்தில் சேர்ந்திருக்கின்றன. தனியார் கையிலுள்ள பிரதிகளை அச்சமின்றிக் கொண்டுவந்து காட்டவும், பரிசோதித்துப் பதிவு செய்யவும், தேவையானால் நகலெடுத்துத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு மேஜை இங்கே போட முடியும். அதற்குச் சேகரிப்பவர்கள் செய்ய வேண்டிய ஆயத்தம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரதியின் உறையிலும் அது எங்கிருந்து வந்தது, எத்தனை நிமிடம், எந்த முறை, சான்றிதழில் என்ன நீளம், எங்கே காட்சி தாவுகிறது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத ஆயிரம் வட்டுகளைவிட, குறிப்போடு கூடிய பத்து வட்டுகள் அடுத்து வரும் ஆய்வாளருக்கு உதவும். ஒரு படத்தைப் பற்றி எழுதுகிற நாமும் இதே ஒழுக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்களே. எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு அந்தப் படத்தைப் புகழவோ குறைசொல்லவோ தொடங்குவோம்.