மறைவதற்கு முன் ஒரு பிரதி

பட்டியலில் ஒரு வரி. பக்கத்தில் குப்பைத்தொட்டிப் படம். தொட்டதும் வரி காணாமல் போகிறது. சர்வர் இன்னும் பதிலே சொல்லவில்லை. ரசிக்க வேண்டிய இடம் அதுதான்.

இதற்குக் கைகொடுப்பவை, திரைகளை எழுதப் பயன்படும் ரியாக்ட் நூலகத்தின் ஹுக்குகள். அவை 2019 பிப்ரவரியில், 16.8 பதிப்போடு வந்தன. கிளாஸ் எழுதாமல், சாதாரண ஃபங்ஷனுக்குள்ளேயே ஸ்டேட்டை வைத்துக்கொள்ள முடிந்தது. சர்வர் தரவைக் கையாளும் டான்ஸ்டாக் குவெரி நூலகத்தின் யூஸ்மியூட்டேஷன் அந்த வழியில் வந்த ஹுக். அதில் ‘ஆன்மியூட்டேட்’ என்ற இடத்தில், இன்னும் பதில் வராத பழைய கோரிக்கைகளை முதலில் நிறுத்துகிறோம். இல்லையென்றால் தாமதமாக வரும் பதில் ஒன்று, நீக்கிய வரியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிடும். பிறகு பட்டியலைப் பிரதி எடுத்துவைத்து, திரையிலிருந்து வரியை நீக்குகிறோம். சர்வர் மறுத்தால் ‘ஆன்எரர்’ அந்தப் பிரதியை மீட்டு வைக்கும். எப்படி முடிந்தாலும் ‘ஆன்செட்டில்ட்’ புதுப் பட்டியலைக் கேட்டு வாங்கும்.

அவசரத்தில் இரண்டு முறை தட்டினாலும் பாதகமில்லை. எச்டிடிபி விதிப்படி, ஒரே பதிவுக்கு டெலீட்டை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே.

வேகம் கண்ணுக்குத் தெரிகிறது. அழிக்கும் முன்பே மீளும் வழியைப் போட்டுவைக்கும் முன்யோசனை தெரிவதில்லை. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.