பீரோவுக்குள் ஒரு காவல்

பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் 2024 நவம்பரிலும், சிவகிரியை அடுத்த தோட்டத்து வீட்டில் 2025 ஏப்ரல் இறுதியிலும் நடந்த கொலைகளுக்குப் பிறகு, தனித்த வீடுகளில் வாழ்வோருக்குத் துப்பாக்கி உரிமம் தாராளமாக வழங்கப்பட வேண்டும் என்ற குரல் கொங்கு வட்டாரத்தில் எழுந்தது. செங்கம், கலசபாக்கம், போளூர் பக்கங்களிலும் பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட, வயதானவர்கள் நிலத்துக் கொட்டாய்களில் தனித்திருப்பதால், அந்தக் கோரிக்கை திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் பொருந்துவதாகவே தோன்றும்.

அக்கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலையோர வீடுகளைக் குறிவைத்த பவாரியா கும்பல், 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனத்தையே அவர் வீட்டில் சுட்டுக் கொன்றது. சூரியன் மறைந்த பின் வீடு உடைத்துப் புகுபவனை எதிர்க்கையில் அவன் உயிர் போக நேர்ந்தாலும், அவசியத்தை மீறாதவரை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு வீட்டுக்காரருக்குத் தற்காப்புரிமை தருகிறது.

ஆனால், இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கியா, கான்பூர் தொழிற்சாலையின் முப்பத்திரண்டு காலிபர் ரிவால்வரா என்று ஆயுதத்தை மட்டும் ஒப்பிடும் பேச்சு, அதை எடுக்க வேண்டிய கையையும் எடுக்கக் கிடைக்கும் நேரத்தையும் கணக்கில் கொள்வதே இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2016ஆம் ஆண்டின் விதிகள், உரிமம் பெற்றவர் ஆயுதத்தைப் பிறர் கைக்கு எட்டாதபடி பூட்டிவைக்கக் கடமைப்பட்டவர் என்கின்றன. பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் வேறு வழியும் கிடையாது. ஆகவே இரவு இரண்டு மணிக்கு நாய் குரைத்து ஓய்ந்த பிறகு, எழுபது வயதைக் கடந்த ஒருவர் விழித்து, கண்ணாடியைத் தேடி, பீரோவைத் திறந்து, தோட்டாக்களைத் தனியே எடுத்து நிரப்பி, இருட்டில் நிற்பவன் கொள்ளையனா, தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்து நிலத்துக்காரரா என்று தீர்மானித்தாக வேண்டும். தூங்குபவர் தலையில் கட்டை விழுவதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு நேரமும் தேவையில்லை. போதாததற்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவது வழக்கம். 2024 மக்களவைத் தேர்தலின்போது நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் வரை, இரண்டரை மாதத்துக்கு மேல் நடைமுறையில் இருந்தன. அந்த நாட்களில் எந்த ஆயுதம் அந்த வீட்டைக் காத்திருக்கும் என்பதற்கு உரிமம் கேட்போர் விடை சொல்வதில்லை.

கண்காணிப்புக் கேமராவை நம்புவோரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 2023 பிப்ரவரியில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் பகுதிகளில் ஒரே இரவில் நான்கு ஏடிஎம்களை வெல்டிங் கருவியால் அறுத்து 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிச் சென்றவர்களை அங்கிருந்த கேமராக்கள் தடுக்கவில்லை. நடந்த பின் துப்புக் கொடுப்பது வேறு, நடக்காமல் காப்பது வேறு.

அப்படியானால் காப்பது எது என்பதற்குத் திருவண்ணாமலையிலேயே பழைய நிகழ்வு ஒன்று உண்டு. 1924 ஜூன் 26 இரவு ரமணாசிரமத்தில் புகுந்த திருடர்கள், தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகக் காட்டப் பட்டாசு வெடித்தார்கள். ரமணர் எதிர்க்க வேண்டாம் என்று அன்பர்களைத் தடுத்து, தொடையில் அடியும் வாங்கினார். குடும்பஸ்தர்களுக்கு அந்தத் துறவு நெறியை விதிப்பது நியாயமாகாது. எனினும் அன்றிரவு அன்பர் ஒருவர் வெளியேறி உதவிக்கு ஆள் அழைத்துவர முடிந்தது என்பது கருதத்தக்கது. சிவகிரியிலோ, பிள்ளைகளின் கைபேசி அழைப்புக்குப் பதில் வராமல் போய், சில நாள் கழித்தே முதிய தம்பதியர் இறந்துகிடந்தது தெரியவந்தது. கொலையாளிகளுக்குத் துணையாக இருந்தது, அந்த வீட்டில் ஆயுதம் இல்லாததைவிட, கூப்பிடு தூரத்தில் ஒருவரும் இல்லாததே.

கார்த்திகை தீபத்துக்கு வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு மலை சுற்றப் போகிறவர் விட்டுச்செல்லும் துப்பாக்கி, நகையோடு சேர்த்துக் களவுபோகக்கூடிய இன்னொரு பொருளாகிறது. அடுத்த வீட்டுக் கொள்ளையில் அதுவே நீட்டப்படலாம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் மனுவோடு நிற்பவர்கள் கேட்க வேண்டியது துப்பாக்கி உரிமத்தை அன்று. கொட்டாய்ப் பாதைக்குத் தெருவிளக்கு, கையெழுத்துப் புத்தகத்தோடு வீடுவீடாக வரும் இரவு ரோந்து, தனித்திருக்கும் முதியோரின் பட்டியலை வைத்துக்கொண்டு நாள்தோறும் காலையில் அவர்களை அழைத்துப் பேசும் காவலர் ஒருவர் ஆகியவற்றையே.