அதபுப் பிரம்பும் ஆறாத வடுவும்

தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். பழம்பெருமை பேசிய குடும்பமொன்றின் வீழ்ச்சியைச் சொல்வது என்றே அதனைப் பலரும் பாராட்டினர். அவ்வீட்டின் பிரம்பைக் குறித்து இன்னும் பேச வேண்டியிருக்கிறது என்பது நம் கருத்து.

சௌதா மன்ஸிலில் உழைப்பின்றிச் சாய்வு நாற்காலியில் கிடந்து, முன்னோர் விட்டுச் சென்ற பொருள்களை விற்று உண்பவர் முஸ்தபாக்கண்ணு. அவர் மனைவியை அடிக்க எடுக்கும் பிரம்புக்கு ‘அதபுப் பிரம்பு’ என்று பெயர். அரபியில் ‘அதப்’ என்பது நல்லொழுக்கம். இலக்கியத்துக்கும் அதுவே பெயர். அச்சொல்லை அடிக்கும் கோலுக்குச் சூட்டிய கொடுமையை ஆசிரியர் விளக்கவுரையின்றிக் காட்டிவிடுகிறார். ஓதிக்கொடுக்கும் பணியில் நாமும் பிரம்பு பிடித்தவர்களே. ஆதலின் அப்பக்கங்களைக் கூச்சமின்றிக் கடக்க நம்மால் இயலவில்லை.

குறையும் உண்டு. அடிபட்டவளின் துயரம் நமக்குத் தெரிகிறது. ஆண்டுகள் கழிந்தபின் அவள் உள்ளம் என்னவாயிற்று என்பது போதிய அளவு விரியவில்லை. கதையின் பார்வை பெரும்பாலும் நாற்காலியின் பக்கமே நிற்கிறது. பெண்கள் புழங்கும் அறைகளுக்குள் நுழைந்து அவர்தம் அச்சத்தையும் மௌனத்தையும் எழுதும் பணியைப் பின்னர் ஸல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) மேற்கொண்டது.

இது கதைக்கு மட்டும் உரிய செய்தியன்று. துணைவனின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அறிவித்தது. நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்லாலும் இழிவாலும் செய்யும் துன்பத்தைக் குடும்ப வன்முறை என்றே கொள்கிறது.

வேப்பூரில் நமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர். கணவர் மவுத்தாகிப் பல்லாண்டுகள் ஆகியும், மாலையில் வாயிற்கதவு ஓசை கேட்டால் அவர் கை நடுங்குகிறது. ஏந்திய பீங்கான் நழுவுகிறது. பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரைக் கேட்டால் சொல்வர்: சூளையில் வெந்த கலத்தில் விழுந்த விரிசலை மீண்டும் மண்ணாக்கிப் பிசைந்து போக்க முடியாது. மனம் பீங்கானன்று, ஆறக்கூடியதே. ஆனால் முதலில் அடி நிற்க வேண்டும். அதன்பின் அவள் சொல்வதை யாரேனும் நம்பிக் கேட்க வேண்டும்.

வீட்டுக் கதையைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்று இத்தகைய நூல்களைக் கடிவோர் உளர். அவர்கட்கு ஒன்று கூறுவோம். திருமறை (30:21) இல்லறத்தின் நோக்கமாக அமைதியைச் சொல்கிறது. வீட்டைக் குறிக்கும் ‘மஸ்கன்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் கையால் அடித்ததில்லை என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை நாம் ஓதியும் ஓதுவித்தும் வருகிறோம். சமுதாயத்துக்கு இழுக்கு அந்தப் பிரம்பால் வந்ததேயன்றி, அதனை எழுதிய பேனாவால் வந்ததன்று. இந்நாவலை வீட்டில் ஆடவரும் பெண்டிரும் சேர்ந்தமர்ந்து படிக்குமாறு வேண்டுகிறோம்.