‘இங்கே’ என்றால் எங்கே?

இணையத்தில் வரும் நம் இலக்கியக் கட்டுரைகளில் எனக்கு எரிச்சல் தரும் சொல் ஒன்று உண்டு: ‘இங்கே’. ‘இந்த நாவல் பற்றிய விவாதத்தை இங்கே வாசிக்கலாம்’ என்று எழுதி, ‘இங்கே’யில் மட்டும் சுட்டியை வைத்துவிடுகிறார்கள். யார் விவாதித்தார், எந்த ஆண்டு, ஆதரித்தாரா மறுத்தாரா? ஒண்ணும் தெரியாது. போய்ப் பார்த்தால்தான் உண்டு.

விமர்சனத்தில் சுட்டி என்பது சான்று. சான்றின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘அங்க போய் பாத்துக்கோ’ என்பது வாதமாகுமா?

பார்வையற்ற வாசகருக்குச் சிக்கல் இன்னும் பெரிது. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களில் ஒரு பக்கத்தின் சுட்டிகளை மட்டும் பட்டியலாகக் கேட்கலாம். ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று கேட்டால் என்ன புரியும்? சுட்டி எதற்கு என்பது அதன் சொற்களிலிருந்தோ சூழலிலிருந்தோ விளங்க வேண்டும் என்பதை, 2008இல் வந்த டபிள்யூ3சி அணுகல்தன்மை நெறிமுறை அடிப்படை நிலையிலேயே வைத்திருக்கிறது.

சிலர் முகவரியையே அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அது தமிழ் முகவரியாக இருந்தால் போச்சு. நகலெடுத்து ஒட்டும்போது ‘தமிழ்’ என்ற ஒரே சொல் சதவீதக் குறிகளோடு 45 குறிகளாக நீண்டுவிடும்.

சுட்டியை எங்கே முடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ‘நாவலை’ என்பதில் ‘நாவல்’ மட்டும் நீலம், உருபு கறுப்பு என்று வெட்ட முடியாது. ஐகாரக் குறி லகரத்துக்கு முன்னால் அல்லவா நிற்கிறது! உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் சுட்டியாக்குவதே சரி.

நீளமான சுட்டி வாசிப்பைத் தடுக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் சுட்டிகள் சாகும். 2009இல் யாஹூ அமெரிக்காவில் ஜியோசிட்டிஸை மூடியபோது எத்தனையோ தனிநபர் பக்கங்கள் மறைந்தன. ‘அகிலனின் பால்மரக்காட்டினிலே நாவலில் தோட்ட வாழ்க்கை’ என்று சுட்டியில் எழுதியிருந்தால், பக்கம் போனாலும் பெயர் நிற்கும். தேடலாம், நூலகத்தில் கேட்கலாம். ‘இங்கே’ செத்தால் எதுவும் மிஞ்சாது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி இன்று இணையத்தில்தான் நடக்கிறது. அதன் தடத்தை நாமே அழித்துக்கொள்ளலாமா?

எழுதி முடித்ததும் சுட்டிகளையெல்லாம் நீக்கிவிட்டு வாக்கியத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அப்போதும் தெரிந்தால் சரி. தெரியலன்னா, அங்கே சுட்டி மட்டும்தான் இருந்தது; நீங்கள் எதையும் சொல்லவில்லை.